ஒன்றுதான் கிடைக்கும்: டர்பனில் தற்காப்புத் துப்பாக்கி பற்றிக் கொஞ்சம்

சென்னையிலிருந்து வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆன ஒரு தம்பி போன வாரம் போன் போட்டு, "அண்ணா, வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன், கிளாக் நல்லதா, சி.இசட். நல்லதா?" என்று கேட்டான். உனக்கு என்ன விசா என்று கேட்டேன். கிரிட்டிகல் ஸ்கில்ஸ், அதாவது தற்காலிக வேலை விசா, என்றான். அப்படியென்றால் இரண்டுமே உனக்கு ஆகாது தம்பி என்றேன். தென்னாப்பிரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவருக்கு இங்கே துப்பாக்கி உரிமத்தின் முதல் படியான காம்பிடென்சி சான்றிதழே கிடைக்காது, பொதுவாக 21 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். பையன் பாவம், யூடியூபில் பத்து அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து, குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தான்.

அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி எங்கே போனாலும் வருகிறது. கல்யாண வீட்டில் வருகிறது, காவடி முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது வருகிறது, மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாளில் பாத்திரம் கழுவுகிற இடத்தில்கூட வந்தது. கேட்கிறவர்கள் எல்லோரும் மாடலில் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் எது நடந்தால் இதை வெளியே எடுக்கப் போகிறோம் என்பதை அவர்களில் பாதிப்பேர் யோசித்திருக்கவில்லை. நானும் முதலில் யோசிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சட்டம், ஏனென்றால் உங்கள் தேர்வில் முக்கால்வாசியை அதுவே செய்துவிடுகிறது. இங்கே நடப்பது 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உரிமத்தை அது நோக்கத்தை வைத்துப் பிரிக்கிறது. தற்காப்புக்கு என்றால் 13-ஆம் பிரிவு, எப்போதாவது வேட்டைக்கோ விளையாட்டுக்கோ என்றால் 15, அதையே முழுமூச்சாகச் செய்கிறவர்களுக்கு 16. 13-ஆம் பிரிவில் ஒருவருக்கு ஒரே ஒரு துப்பாக்கிதான். அதுவும் கைத்துப்பாக்கியாக இருக்க வேண்டும், அல்லது செமி ஆட்டோமேட்டிக் (சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறுவது) அல்லாத ஷாட்கன்னாக இருக்க வேண்டும். இந்தத் தேவையை வேறு வழியில் நியாயமாக நிறைவேற்றிக்கொள்ள என்னால் முடியவில்லை என்று நீங்கள் எழுதிக் காட்ட வேண்டும். இதை இங்கே எல்லோரும் மோட்டிவேஷன் என்பார்கள். கடையில் காசு கொடுத்தால் அச்சடித்த மாதிரி ஒன்று எழுதித் தருவார்கள், ஆனால் அதைவிட உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், உங்கள் வேலை நேரத்தில் என்ன ஆபத்து என்று நீங்களே எழுதுவது நல்லது. எதற்காக வாங்குகிறோம் என்பது உங்களுக்கே அப்போதுதான் தெரியவரும். ராணுவ வகை ரைஃபிள், செமி ஆட்டோ ஷாட்கன் என்று கனவு காண்பவர்களுக்கு 14-ஆம் பிரிவு இருக்கிறது, ஆனால் 13-இல் கிடைப்பது போதாது என்று நிரூபிக்க வேண்டும், சாதாரணக் குடும்பஸ்தனுக்கு அது நடக்கிற காரியமில்லை.

ஆக, அந்த அமெரிக்கக் காணொளிகளில் வருகிற "படுக்கையறைக்கு ஒன்று, காருக்கு ஒன்று, நாடு கவிழ்ந்தால் ஒன்று" என்கிற கணக்கு இங்கே செல்லாது. ஒன்றுதான் என்றால், அது எந்த நிலைமைக்கு என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

இங்கேதான் 2021 ஜூலை நம் மூளையைக் குழப்பிவிட்டது. ஜூலை 7 இரவு முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறைக்குப் போனார். 9-ஆம் தேதி இரவு மூய் ரிவர் சுங்கச்சாவடிப் பக்கம் லாரிகள் எரிந்தன, அதன்பின் சில நாட்கள் எங்கள் குவாசுலு நட்டால் மாகாணத்திலும் கௌடெங் மாகாணத்திலும் நடந்த கலவரமும் கொள்ளையும் உங்களுக்கே தெரியும். மொத்தம் 354 பேர் இறந்தார்கள். போலீஸ் வரவில்லை. செக்யூரிட்டி கம்பெனி வண்டிகள் ஓய்ந்து போயின. எங்கள் தெருமுனையில் பழைய மெத்தை, குப்பைத் தொட்டி, ஒரு பழுதான பக்கி (பிக்கப்) வண்டி எல்லாம் போட்டு மறித்து, ஆறு மணி நேரத்துக்கு ஒரு குழுவாகக் காவல் நின்றோம். நான் கையில் கிரிக்கெட் மட்டையோடு நின்றேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. பக்கத்தில் நின்ற ஒருவரிடம் பிஸ்டல் இருந்தது, இன்னொருவர் தன் அப்பாவின் பழைய ஷாட்கன்னைக் கொண்டு வந்திருந்தார். மூன்றாவது இரவு, விளக்கை அணைத்துக்கொண்டு ஒரு பக்கி மெதுவாக வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம், ஷாட்கன் தோளுக்குப் போனது, பக்கி நின்றது. பார்த்தால் பின்தெருக்காரர், கேனில் பெட்ரோல் வாங்கிக்கொண்டு வருகிறார், தெருக்காரர்கள் கல்லெறிவார்களோ என்று பயந்து விளக்கை அணைத்திருக்கிறார். அன்றைக்கு விரல் கொஞ்சம் முந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் எனக்கு இன்னும் வயிற்றைப் புரட்டும்.

எங்கள் தெருவில் அது நடக்கவில்லை. நம் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் பீனிக்ஸில், டர்பனுக்கு வடக்கே, நடந்தது. அங்கே அந்த நாட்களில் 36 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் கறுப்பின மக்கள், பெரும்பாலும் துப்பாக்கிக் குண்டுகளால். வழிமறித்து நின்றவர்களில் சிலர் வருகிறவர்களின் தோலைப் பார்த்து முடிவெடுத்தார்கள். பயந்து போய் நின்றவர்களும் அங்கே இருந்தார்கள், அது உண்மை, ஆனால் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து போனவர்கள் பயந்ததைப் பற்றி நம் ஆட்கள் பேசுவதே குறைவு. பலர் மேல் வழக்கு வந்தது. இதை ஏன் துப்பாக்கி வாங்குகிற கட்டுரையில் எழுதுகிறேன் என்றால், 13-ஆம் பிரிவு உரிமம் ஒருவரைத் தெருவுக்குக் காவலாளி ஆக்குவதில்லை. அது உங்கள் மேலோ பக்கத்திலிருப்பவர் மேலோ பாய்கிற உடனடித் தாக்குதலுக்கானது. கலவரத்தை மனதில் வைத்து வாங்குகிறவர், அது எந்த வேலைக்குப் பொருந்தாதோ அந்த வேலைக்கே அதை வாங்குகிறார்.

இன்னொரு வேடிக்கை. கலவரத்துக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால்தான், 2021 மே மாதத்தில், தற்காப்பு என்கிற காரணத்தையே சட்டத்திலிருந்து நீக்கும் ஒரு திருத்த மசோதாவை அரசாங்கம் மக்கள் கருத்துக்கு விட்டிருந்தது. ஜூலைக்குப் பிறகு அதை ஆதரித்துப் பேச எங்கள் பக்கம் ஓர் ஆளைக்கூடப் பார்க்க முடியவில்லை. அந்த வடிவில் அது சட்டமாகவில்லை.

அந்த வாரத்தில் நிஜமாகவே எது தட்டுப்பாடு என்று கேட்டால், ரொட்டி, பால் பவுடர், பெட்ரோல், பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு இன்சுலின். அடுத்த வருஷம் ஏப்ரல் வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அங்கே இருந்த என் நண்பரிடம் துப்பாக்கியும் இருந்தது, 2,500 லிட்டர் ஜோஜோ தண்ணீர் டேங்கும் இருந்தது. எது அவரைக் காப்பாற்றியது என்று நான் சொல்லத் தேவையில்லை. அவசர காலத் தயாரிப்பு என்ற பெயரில் கையில் இருக்கிற ரேண்டை எல்லாம் துப்பாக்கியில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். டேங்க், கேஸ் அடுப்பு, இன்வெர்ட்டர், மருந்து, அப்புறம் பெயர் தெரிந்த நான்கு அண்டை வீடுகள், இதெல்லாம் முடிந்த பிறகு கடைக்குப் போங்கள்.

சரி, முடித்துவிட்டீர்கள், இன்னமும் வேண்டும் என்கிறீர்கள். அது நியாயமில்லாத ஆசை என்று நான் சொல்லமாட்டேன். வருஷத்துக்கு 27,000-க்கும் மேல் கொலைகள் நடந்த நாடு இது. ராத்திரி ஜன்னல் கம்பியை ஜாக்கி போட்டு வளைத்து உள்ளே வருகிறார்கள், கேட்டைத் திறக்க நிற்கும் நேரத்தில் காரைப் பறிக்கிறார்கள். நாம் வாங்குவது இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான் இருக்கும், அதிலும் பெரும்பாலும் முதலாவதற்கு.

வீட்டுக்கு என்றால் முதல் கேள்வி கைத்துப்பாக்கியா ஷாட்கன்னா. முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் ஆக்ஷன் 12 கேஜ் ஷாட்கன்னுக்கு இங்கே ரசிகர் கூட்டம் அதிகம், அதன் பம்ப் சத்தம் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, சத்தத்தை நம்பி ஒரு ஆயுதத்தை வாங்குவது, குரைக்கும் ஒலிநாடாவை நம்பி நாயை விற்பது மாதிரி. ஷாட்கன்னின் பலம் நிஜமானது, கிட்டத்தில் அதன் தாக்கம் எந்தக் கைத்துப்பாக்கியையும்விடப் பெரிது. ஆனால் நீளம் அதிகம், இரண்டு கையும் அதற்கே போய்விடும், குழந்தையைத் தூக்கவோ போனைப் பிடிக்கவோ கதவைச் சாத்தவோ கை மிஞ்சாது. சாட்ஸ்வொர்த்தும் பீனிக்ஸும், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டக் காலத்தில் நகராட்சி கட்டிக் கொடுத்த வீடுகள், ஒட்டிக்கொண்ட சுவர், ஒடுங்கின பேசேஜ், திரும்பினால் தோள் இடிக்கும். அந்த இடத்தில் நீளமான குழலைத் திருப்புவது சும்மா காலியாக ஒரு துடைப்பக் குச்சியை வைத்துச் செய்து பார்த்தாலே புரியும். செய்து பாருங்கள், நான் செய்தேன், மனைவி சிரித்தாள், ஆனால் அந்த ஐந்து நிமிஷம்தான் என் தேர்வை முடித்து வைத்தது.

அதே வீட்டமைப்பு இன்னொன்றையும் சொல்கிறது. குண்டு எங்கே போய் நிற்கும்? நம் செங்கல் சுவர் பொதுவாக 9 மி.மீ. குண்டைத் தாங்கும், ஆனால் கதவு தாங்காது, ஜன்னல் தாங்காது, பின்னால் தகரமும் பலகையும் வைத்துக் கட்டிய அவுட்பில்டிங் சுத்தமாகத் தாங்காது, அங்கே வாடகைக்கு யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். முழு உலோக உறை போட்ட பயிற்சித் தோட்டா உடலைத் துளைத்து அப்பாலும் போகக்கூடியது, முனை குழிந்த ஹாலோ பாயின்ட் வகை உள்ளே விரிந்து அங்கேயே நிற்கும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் பயிற்சிக்கு ஒன்று, வீட்டில் ஏற்றி வைக்க ஒன்று என்று இரண்டு வகை வாங்குகிறார்கள். அதைவிட முக்கியம், பகல் வெளிச்சத்தில் உங்கள் படுக்கையறைக் கதவில் நின்று ஒவ்வொரு திசையிலும் அந்தக் கோடு எங்கே முடிகிறது, அந்த முனையில் யார் படுத்திருப்பார்கள் என்று பார்த்து வைப்பது.

கைத்துப்பாக்கி என்று முடிவானால் ரிவால்வரா பிஸ்டலா. இங்கே பழைய குடும்பங்களில் தாத்தாவின் .38 ஸ்பெஷல் ரிவால்வர் ஒன்று எங்காவது இருக்கும். ரிவால்வரில் ஸ்லைடு (பிஸ்டலின் மேலே பின்னுக்கு இழுக்கும் உலோகப் பகுதி) இழுக்கிற வேலை இல்லை, தோட்டா ஏறியிருக்கிறதா என்பது பார்த்தால் தெரியும், ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வரும். கையில் வலுக் குறைந்த வயதானவர்களுக்கு இதை நான் இன்னும் பரிந்துரைப்பேன். குறை என்னவென்றால் ஐந்தாறு தோட்டாதான், விசை கனம், மறுபடி நிரப்புவது மெதுவு. பிஸ்டலில் 9 மி.மீ. பாராபெல்லம்தான் இந்த நாட்டில் ராஜா. தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்கும், விலையும் மற்றவற்றைவிடக் குறைவு, உதைப்பும் தாங்கக்கூடியது. போலீஸ் இடுப்பில் பார்க்கிற இசட்88 இதே அளவுதான், பெரெட்டா 92-ஐப் பார்த்து இங்கேயே செய்தது. அதைவிடப் பெரிய கேலிபரை, அதாவது தோட்டா அளவை, ஆண்மையின் அளவுகோலாக நினைப்பவர்களைக் கடையில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் ரேஞ்சில் இரண்டாவது மேகசினுக்கு மேல் சுடுவதில்லை, மணிக்கட்டு வலிக்கிறது என்று டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு. கிளாக் 19 நல்லது, சி.இசட். பி-10 நல்லது, காசு குறைவாக இருந்தால் டாரஸ் கூடப் பரவாயில்லை. இந்த வரிசையில் எது உங்கள் கைக்குப் பொருந்துகிறதோ அதுதான் உங்களுக்கு நல்லது. இதைத் தவிர இதில் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. பிடித்தவுடன் குழல் மணிக்கட்டின் நேர்கோட்டில் வருகிறதா, விசைக்கு விரலின் நுனித் தசை எட்டுகிறதா, மேகசின் பட்டனை அழுத்த பிடியை மாற்ற வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். சட்டைக்குள் மறைக்கலாம் என்று மிகச் சிறியதை வாங்குகிறார்கள், சிறியது அதிகம் உதைக்கும், குறி தவறும், வீட்டுக்கு நடுத்தர அளவே சரி. ரேஞ்சில் எனக்குச் சொல்லிக் கொடுத்த அங்கிள் உள்ளூர்த் தமிழர், அவருக்குத் தெரிந்த தமிழ் கோயில் தமிழும் பாட்டியிடம் கேட்ட தமிழும்தான், ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: "தம்பி, பொண்டாட்டியைக் கூட்டிட்டு வா, அப்புறம் வாங்கு." கூட்டிப் போனேன். நான் ஆசைப்பட்ட பிஸ்டலின் ஸ்லைடை அவளால் முழுசாக இழுக்க முடியவில்லை. இரண்டாவதாக எடுத்ததை இழுத்தாள். நான் வாங்கியது அந்த இரண்டாவதை.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், உரிமம் உங்கள் பெயரில் மட்டும் இருந்தால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கு மட்டும்தான். நீங்கள் ஊரில் இல்லாத இரவில் மனைவி சேஃபைத் திறந்து அதை எடுப்பதற்குச் சட்டம் இடம் கொடுக்காது, சேஃப் எண்ணை அவரிடம் சொல்லி வைப்பதே சிக்கல். பலர் வீட்டில் இது நடக்கிறது, தெரியாமல் நடக்கிறது. ஆனால் 12-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, ஒரே வீட்டில் வசிக்கிற இன்னொருவர் அதே துப்பாக்கிக்குத் தன் பெயரில் கூடுதல் உரிமம் வாங்கலாம், அவரும் பயிற்சி முடித்து காம்பிடென்சி வைத்திருந்தால். கடைக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை, இரண்டு துப்பாக்கி விற்கத்தானே அவர்களுக்கு ஆசை.

சேஃப் பற்றி. தென்னாப்பிரிக்கத் தர நிர்ணய அமைப்பின் (எஸ்.ஏ.பி.எஸ்.) 953 தரமுத்திரை உள்ள இரும்புப் பெட்டி, சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டது, போலீஸ் நிலையத்தின் துப்பாக்கி அதிகாரி, அதாவது டி.எஃப்.ஓ., அதை வந்து பார்ப்பார். துப்பாக்கி உங்கள் உடம்பிலோ உங்கள் நேரடிக் கட்டுப்பாட்டிலோ இல்லாதபோது அது அதற்குள்தான் இருக்க வேண்டும். தலையணைக்கு அடியில், அலமாரியில் புடவைக்கு நடுவில், சாமி படத்துக்குப் பின்னால் என்று நான் கேட்ட கதைகள் ஏராளம். திருடர்கள் நம் வீட்டுக்குள் தேடுவதே முதலில் நகை, அப்புறம் துப்பாக்கி. தொலைந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குச் சொல்ல வேண்டும், கவனக்குறைவாகத் தொலைத்தால் நீங்களே குற்றவாளி.

அப்படியென்றால் நள்ளிரவில் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்ட பிறகு, விளக்கு இல்லாமல், நடுங்குகிற விரலால் சேஃபைத் திறந்து எடுக்க எத்தனை வினாடி ஆகும்? இதற்குப் பதில் தெரியாமல் வாங்கிய துப்பாக்கி வெறும் இரும்பு. என் கணக்கில் முதல் தடவை நாற்பது வினாடி ஆனது, பழகிப் பழகிப் பதினைந்துக்குக் கொண்டு வந்தேன். அந்தப் பதினைந்து வினாடியை எனக்குக் கொடுப்பது துப்பாக்கி இல்லை, பேசேஜில் இருக்கிற இரும்பு கேட். படுக்கையறைகளையும் ஹாலையும் பிரித்து, சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் ஒரு ஸ்லாம்-லாக் கேட், ஜன்னலில் கம்பி, வெளியே பீம் அலாரம், கையெட்டும் தூரத்தில் பேனிக் பட்டன். செக்யூரிட்டி கம்பெனியின் ஆயுத ரெஸ்பான்ஸ் வண்டி வருவதற்கு ஆகிற நிமிஷங்களை இவைதான் வாங்கித் தருகின்றன. கேட்டுக்கு இந்தப் பக்கம் குடும்பம் முழுக்க இருந்தால், அந்தப் பக்கம் நடக்கிற திருட்டுக்காக நீங்கள் வெளியே போகவே தேவையில்லை. டி.வி.யை எடுத்துக்கொண்டு போகட்டும். டி.வி.க்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது.

இரும்பு கேட்டைத் துப்பாக்கிக்கு முன்னால் வைப்பதற்கு இன்னொரு காரணம் நீதிமன்றம். இந்த நாட்டுச் சட்டப்படி தற்காப்பு என்றால் தாக்குதல் சட்டவிரோதமாக இருக்க வேண்டும், தொடங்கியிருக்க வேண்டும் அல்லது இதோ நடக்கப்போகிறது என்ற நிலையில் இருக்க வேண்டும், தடுக்க அது அவசியமாக இருக்க வேண்டும், தடுத்த விதம் ஆபத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் இதில் ஒன்றும் நிற்காது. 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த டி ஒலிவெய்ரா வழக்கில், கம்பி போட்ட, பாதுகாப்பான வீட்டுக்குள் இருந்துகொண்டு, வெளியே நின்றவர்களை நோக்கி ஒருவர் ஜன்னல் வழியாக ஆறு முறை சுட்டார். ஒருவர் இறந்தார், தற்காப்பு என்று நினைத்தேன் என்ற வாதம் எடுபடவில்லை, கொலைக் குற்றம் நின்றது. ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் கதை எல்லோருக்கும் தெரியும், 2013 பிப்ரவரி 14 அதிகாலை, மூடிய கழிப்பறைக் கதவு வழியாக நான்கு குண்டு, உள்ளே இருந்தது காதலி. 2015 டிசம்பரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதில் நாம் கவனிக்க வேண்டியது, உள்ளே யார் இருந்தார் என்பது முக்கியமில்லை, அந்தச் சின்ன அறைக்குள் யாராக இருந்தாலும் செத்துப்போகலாம் என்று தெரிந்தே சுட்டார் என்பதுதான் கொலை. 2004-இல் முன்னாள் ஸ்பிரிங்பாக் (தேசிய அணி) ரக்பி வீரர் ஒருவர், விடிகாலையில் தன் கார் நகர்வதைப் பார்த்துத் திருடன் என்று நினைத்துச் சுட்டார். ஓட்டிக்கொண்டிருந்தது அவருடைய சொந்த மகள். அவர் மேல் வழக்குப் போடவில்லை, போட்டிருந்தாலும் அதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது.

நேர்மையாகச் சொல்ல வேண்டும், நீதிமன்றங்கள் எப்போதும் வீட்டுக்காரருக்கு எதிராக நிற்பதில்லை. 2009-இல் ஸ்டெய்ன் வழக்கில், கத்தியோடு பாய்ந்த முன்னாள் கணவரைச் சுட்ட ஒரு பெண்ணை அதே உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது, தன் வீட்டிலிருந்து அவர் ஓடியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றது. அங்கே ஆபத்து கண்ணெதிரே இருந்தது. எதிரே இருப்பது யார் என்று தெரிந்திருந்தது. டார்ச் லைட் ஒன்றைத் துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே வையுங்கள் என்று எல்லாப் பயிற்சியாளரும் சொல்வது இதனால்தான். "யாரது?" என்று ஒரு தடவை கத்துவதற்கு உரிமமும் தேவையில்லை. பாதி நேரம் பதில் சொல்வது தண்ணீர் குடிக்க எழுந்த உங்கள் பையனாக இருக்கும்.

கேட்டில் கார் பறிப்பு, அதற்காக இடுப்பில் வைத்துக்கொள்வது பற்றி எனக்குக் கலவையான எண்ணம்தான். சட்டம் அனுமதிக்கிறது, உறையில் முழுக்க மறைத்து, உங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருந்தால் போதும். ஆனால் எதிரே இரண்டு மூன்று பேர் ஏற்கெனவே துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கும்போது நீங்கள் சட்டையைத் தூக்கி உருவுவது என்பது சினிமாவில் மட்டும்தான் நன்றாக முடியும். துப்பாக்கி இருப்பது தெரிந்தாலே அதற்காகவே அடிக்கிற கூட்டமும் இருக்கிறது. வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை ரேஞ்சுக்குப் போகிற ஆளாக இருக்காதீர்கள். நான் வைத்துக்கொள்வதில்லை, கேட்டுக்கு ரிமோட் மோட்டாரும் வாசலில் நல்ல விளக்கும் போட்டேன்.

வீட்டில் குடி இருக்கிறதா, அடிதடி இருக்கிறதா, யாராவது மனச்சோர்வில் இருக்கிறார்களா? வாங்காதீர்கள். அவ்வளவுதான். விண்ணப்பத்தின்போது மனைவியிடமும் அக்கம்பக்கத்திலும் இதைத்தான் விசாரிப்பார்கள், ஆனால் போலீஸுக்கு முன்னால் உங்களுக்கே தெரியும். அந்த மாதிரி வீட்டுக்கு பெப்பர் ஸ்ப்ரே இருக்கிறது, உரிமம் வேண்டாம், நம் பெண்கள் பலர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள், அதற்கும் பயிற்சி வேண்டும், காற்று வீசும் பக்கம் பார்த்து அடிக்க வேண்டும்.

நடைமுறை பற்றிச் சுருக்கமாக. அங்கீகாரம் பெற்ற இடத்தில் பயிற்சி, சட்டத் தேர்வு, சுடும் தேர்வு. அப்புறம் கைரேகையோடு காம்பிடென்சி விண்ணப்பம், அது வந்த பிறகு குறிப்பிட்ட துப்பாக்கிக்கு உரிம விண்ணப்பம். புதிதாக வருகிறவர்களுக்கு ஆச்சரியமாக இருப்பது, துப்பாக்கியை முதலில் காசு கொடுத்து வாங்கிவிட வேண்டும், உரிமம் வருகிற வரைக்கும் அது கடைக்காரரின் சேஃபில்தான் தூங்கும். எனக்கு மாதக்கணக்கில் தூங்கியது. ஒரு நிலையத்தில் என் கோப்பைத் தொலைத்து, கைரேகையை மறுபடி எடுத்தார்கள். தோட்டா ஒரு துப்பாக்கிக்கு 200-க்கு மேல் வீட்டில் வைக்கக்கூடாது, அதனால் நாடு கவிழும் என்று பெட்டி பெட்டியாக அடுக்குகிற திட்டமும் இங்கே நடக்காது. அதையும் ரேஞ்சில் சுட்டுத் தீர்ப்பதே புத்திசாலித்தனம், இருநூறு தோட்டா அலமாரியில் இருப்பவரைவிட இருநூறு தோட்டா சுட்டவர் பாதுகாப்பானவர்.

அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன பழைய துப்பாக்கி வீட்டில் இருந்தால், அதை உங்களுடையது என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள். உரிமம் இறந்தவரோடு போய்விட்டது, சொத்து நிர்வாகி வழியாக உங்கள் பெயருக்கு முறையாக உரிமம் எடுக்க வேண்டும், அல்லது டீலரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த இரவு எங்கள் தெருவில் தோளுக்குப் போன ஷாட்கன் அப்படிப்பட்ட ஒன்றுதான் என்று பிறகுதான் தெரிந்தது. வைத்திருந்தவருக்கே தெரியவில்லை.

13-ஆம் பிரிவு உரிமம் ஐந்து வருஷத்துக்கு. முடிவதற்குக் குறைந்தது 90 நாளுக்கு முன்னால் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும், மறந்தால் வீட்டில் இருப்பது உரிமமில்லாத துப்பாக்கி. 2018 ஜூனில் அரசியல் சாசன நீதிமன்றமும் இந்தப் புதுப்பிப்பு விதிகள் செல்லும் என்று சொல்லிவிட்டது. நான் போனில் 180 நாளுக்கு ஒன்று, 120 நாளுக்கு ஒன்று என்று இரண்டு அலாரம் வைத்திருக்கிறேன். மனைவியின் 12-ஆம் பிரிவு விண்ணப்பம் இன்னும் போலீஸ் நிலையத்தில்தான் இருக்கிறது. சுடும் தேர்வில் என்னைவிட அவள் மதிப்பெண் கூட. அங்கிள் அந்தத் தேர்வுத் தாளை எனக்கு முன்னால் இரண்டு தடவை படித்துக் காட்டினார்.